பத்திரிகையில் தாய்மாமன் பெயர்

அச்சங்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை யோகேஸ்வரியும் சுகமாக இருக்க அய்யனார் துணை. இங்கே நாங்களும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று போன் பேசினாலும் உன் அண்ணன் காதில் விழும், அதனால்தான் இந்தக் காகிதம்.

ஆவணியில் நடக்கிற காதுகுத்தில் குழந்தையை உன் அண்ணன் முத்துப்பாண்டி மடியில் வைக்க வேண்டாம், சித்தப்பா மகன் மகேஷ்குமார் மடியில் வைக்கலாம் என்று நீ அம்மாவிடம் போனில் சொன்னாயாம். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை தாயி. போன ஐப்பசியில் அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் நான் செய்ததை நீ கேள். இருபத்தெட்டு வருஷமாகப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கிற வேலை, தூள் ஒட்டிக்கொண்டு வரும் என்று வாசலிலேயே குளித்து, வேலைச் சட்டையைத் தனிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் உங்களைத் தூக்குவேன். அதே புத்தியில் அவனையும் வெளியே குளிக்கச் சொன்னேன், அவன் துணிக்குத் தனிக் கொடி கட்டினேன், தட்டையும் தனியே வைத்தேன். கடைசியில் உன் அம்மாதான் அந்தக் கொடியை அறுத்துப் போட்டுவிட்டு, பெத்த பிள்ளை உங்களுக்கு வெடிமருந்தாப் போச்சா, ஆஸ்பத்திரிக்கு அவங்கூடப் போய் கேட்டுட்டு வாங்க என்று சத்தம் போட்டாள்.

போனேன். விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற அம்மா பொறுமையாகச் சொன்னார். தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், மடியில் வைத்தால், முத்தம் கொடுத்தால் வராது. ரத்தத்தாலும் உடலுறவாலும் வரும், ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். எய்ட்ஸ் என்பது கவனிக்காமல் விட்டால் பிறகு வருவது, தினம் மாத்திரை போட்டால் எல்லோரையும் போல இருந்துவிடலாம் என்றார். ஆனால் கொடி கட்டியிருந்த நாளில் இவன் பன்னிரண்டு நாள் மாத்திரையே போடவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. யாருக்காகப் போடணும் என்று என் முன்னாலேயே அவரிடம் கேட்டான். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை, போன மாதம் பார்த்ததில் ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

நேற்று, தான் வேலை பார்க்கிற திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து காதுகுத்துப் பத்திரிகையின் ப்ரூஃபை அவனே அடித்துக் கொண்டுவந்தான். தாய்மாமன் என்ற இடத்தில் மகேஷ்குமார் பெயர் இருக்கிறது. நாங்கள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, பெத்தவ பயப்படத்தான செய்வா, விடுங்கப்பா என்றான். இன்றைக்கு மாத்திரையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பக்கத்திலேயே நின்று போட வைத்தேன். எத்தனை நாளைக்கு இப்படி நிற்க முடியும் என்று தெரியவில்லை, எனக்கும் உடம்பு அசந்து வருகிறது.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நீ அடுப்படியில் இருந்தாய், நான் பார்த்தேன். அப்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ப்ரூஃபை இதோடு வைத்திருக்கிறேன். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. ஆசாரியிடம் புது ஊசிதான் வேண்டும் என்று சொல்லியாயிற்று, அது எந்தக் குழந்தைக்கும் வேண்டியது. மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு. குழந்தைக்கு மழைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, காய்ச்சிக் கொடு. எல்லோரும் நீண்ட ஆயுசோடு இருங்கள், உன் அண்ணனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்திரிகை அடிக்கச் சொன்ன பார்ட்டி கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் வந்தால்தான் பிரஸ்ஸில் மெஷினில் ஏற்றுவார்கள். பார்ட்டி நீதான். பெயரைத் திருத்துவதானால் உன் கையாலேயே திருத்தி, எனக்கு அனுப்பாமல் அவனுக்கே அனுப்பு.

உன் அப்பா,
இருளாண்டி