ஒட்டகத்தின் தொடையில் இருந்த குறி

மச்சாள்,

இன்று காலை உன் மகள் செவன் கிங்சில் என் வீட்டுக்கு வந்து, உன் நடைச் சப்பாத்தைத் தந்துவிட்டுப் போனாள். "உங்கட காலும் அம்மாவின்ர காலும் ஒரு அளவுதானே, மாமி" என்றாள். அவள் போன பிறகு உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் சிவப்பு மண் ஒட்டியது. ஜோர்தான் மண். நீ சப்பாத்தைக் கூடத் தட்டாமல்தான் வைத்திருந்திருக்கிறாய்.

"இருவது வருசமா பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினனாங்கள். ஒருக்கா நாங்களும் ஏறி ஊர் பாத்திட்டு வருவம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீ. கோயில் ஆட்கள் பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். லண்டன் ஹீத்ரோவில் வரிசையில் நிற்கும்போது, அந்தக் கூட்டத்தில் வந்த எஞ்சினியர் ஐயா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தன் மனிசியிடம் சொன்னார்: "உவையளுக்கு ஏன் உந்தக் கல்லும் மணலும்? டிவியில பாக்கலாம்தானே." மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. நீ சிரித்தாய். நான் அதை மனதில் முடிந்து வைத்தேன்.

வாதி ரம் பள்ளத்தாக்கில் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மணலில் இருந்து நேரே கிளம்பி நிற்கும் மலைகள். அவற்றின் மேற்பக்கம் மெழுகு வழிந்தது போலக் கல் வழிந்து கிடந்தது. ஒரு மலையாடு செங்குத்துப் பாறையில் நின்று எங்களைப் பார்த்தது. "உது எங்க கால் வைச்சு ஏறினது?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நீல நிறத்தில் ஓர் ஓணான் வெயில் காய்ந்தது. நரி நடந்த தடத்தை ஓட்டுநர் குனிந்து காட்டினார். அவர் அந்த இடத்தில் ஒட்டகம் வளர்க்கும் பெதூயின் இனத்து மனிதர். எங்கள் வயது இருக்கும்.

பிறகு ஊற்றுத் தண்ணீர் கசியும் ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். பாறை முழுக்கச் செதுக்கிய ஒட்டகங்களும் வில் பிடித்த ஆட்களும், அந்தக் காலத்து எழுத்துகளும். கீழே தனியாக ஒரு வட்டம், அதிலிருந்து இறங்கும் இரண்டு கோடு. எஞ்சினியர் ஐயா கையை நீட்டினார். "இது பழைய எழுத்து. கடவுளின்ர பேராத்தான் இருக்கும்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் உன் காதில் சொன்னேன்: "எழுத்தில்லையடி. குறி. வெளியில படுத்திருக்கிற ஒட்டகத்தின்ர தொடையில இதே குறி சுட்டிருக்கு."

எங்கள் அப்பு வன்னியில் மாட்டுக்குக் குறி சுட்டவர். இரும்பு காய்ச்சக் காய்ச்ச விசிறியவள் நான். சுட்ட குறியைத் தெரியாதா எனக்கு?

"எனக்கேன் சொல்லுறாய்? சத்தமாச் சொல்லு."

"நாலாம் வகுப்புக்காரி சொன்னா ஆர் கேப்பினம்?"

"ஒட்டகம் உன்ர சேட்டிபிக்கட்டைக் கேட்டதோ?" என்றாய்.

சொன்னேன். எஞ்சினியர் ஐயா சிரித்தார். நீ விடவில்லை, ஹவுன்ஸ்லோவில் வேலைசெய்து பழகின உன் இங்கிலிசில் ஓட்டுநரிடம் கேட்டாய். அவர் நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்துச் சொன்னதை நீதான் எல்லோருக்கும் தமிழில் சொன்னாய்: "இவற்ற பாட்டன்மார் வெட்டின குறியாம். இந்தத் தண்ணி தங்கட எண்டதுக்கு அடையாளமாம். ஒட்டகத்தின்ர தொடையைப் பாத்த கண்ணுக்கு வணக்கமாம்." முதல் குவளைத் தேநீரை என் கையில்தான் தந்தார்.

போன மாதம், நீ கண் மூடி முப்பத்தோராம் நாள் காரியம். அப்டன் பார்க் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன், மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று எஞ்சினியர் ஐயா மைக்கைப் பிடித்தார். அன்பாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பாறைக் கதைக்கு வந்ததும், "அது ஒட்டகக் குறி எண்டு நான் விளங்கப்படுத்தினபோது இந்தப் படத்தில இருக்கிற அக்கா எவ்வளவு சந்தோசப்பட்டவ தெரியுமே" என்றார்.

நான் எழும்பினேன். "ஐயா, அதைக் கண்டுபிடிச்சது நான். நாலாம் வகுப்போட நிண்ட நான். கேட்டு உறுதிப்படுத்தினது உந்தப் படத்தில இருக்கிறவ. எங்கள் ரெண்டு பேரையும் விட்டிட்டுக் கதை சொல்லாதேங்கோ."

அவருடைய மனிசிதான் வாய் திறந்தா: "ஓம், எழும்பி நிக்கிற இந்த அக்காதான் சொன்னவ. இவர் கடவுளின்ர பேர் எண்டவர்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சாப்பிடும்போது தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "மறந்துபோனன், அக்கா."

"நான் மறக்கேல்லை" என்றேன்.

மன்னிக்கவும் இல்லை, மச்சாள். அது என்னோடு இருக்கட்டும். ஆனால் அன்றையிலிருந்து எவ்வளவு படித்தனீங்கள் என்று யாராவது கேட்டால், நாலாம் வகுப்பு என்று முழுக் குரலில் சொல்கிறேன்.