இன்டர்நெட்டில் இருக்கும் எங்கள் குடும்பப் பக்கத்தை நீக்கித் தரக் கோரி

அனுப்புநர்:
கி. பியூலா (வயது 17),
த/பெ. கிறிஸ்துராஜ்,
இராஜபாளையம்.

(பதில் அனுப்ப வேண்டிய முகவரி: மே/பா. நேசமணி, தையல் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர்.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: எங்கள் குடும்பப் படங்கள், பெயர்கள், தெரு விவரம் ஆகியவை இன்டர்நெட் பக்கம் ஒன்றில் எல்லோரும் பார்க்கும்படி இருப்பது – அதை நீக்க யாராலும் இயலாத நிலை – அரசு மூலம் கடிதம் எழுதி நீக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

ஆட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

1. நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றவள். என் அப்பா மஸ்கட்டில் டிரைவராக வேலைக்குப் போன வருடம் அது. அம்மா ஏசம்மாள் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பதால் வீட்டில் ஆள் தேவைப்பட்டது. இப்போது வீட்டு வேலையோடு துணி தைத்துக் கொடுக்கிறேன். என் தங்கை ஜெபசீலி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். படித்துக்கொண்டிருந்தாள் என்று எழுத வேண்டும். அவளுக்காகத்தான் இந்த மனு. மனு நாளில் நேரில் வந்து சொல்லும்படி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் சித்தி சொன்னார்கள். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆகையால் எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. அப்பா மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. சென்ற ஆண்டு எங்கள் சபையில் எனக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்று, நான் வெள்ளைச் சேலையில் தங்கையோடு எடுத்துக்கொண்ட படத்தை உடனே பார்க்க ஆசைப்பட்டார். இராஜபாளையத்தில் திரு. தேவஇரக்கம் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். அங்கே போய் அம்மா படங்களைக் கொடுத்தார்கள். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிப் பார்த்தார்கள். படம் பெரிதாக இருப்பதால் போகவில்லை என்றார்கள். அந்தக் கடையில் வேலை பார்த்த தனுஷ்கோடி என்பவர், இலவசமாகப் பக்கம் கொடுக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் எங்களுக்கென்று ஒரு பக்கம் திறந்து, படங்களை அதில் வைத்து, அதன் முகவரியை அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். அப்பா அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்தார்.

3. அந்தப் பக்கத்தின் அடியில், பார்க்க வந்தவர்கள் பெயரும் இரண்டு வரியும் எழுதிவிட்டுப் போவதற்கு ஓர் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. வெள்ளிதோறும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி எங்களுக்கு ஏதாவது போட்டுவிடுவார். சனிக்கிழமை நானும் தங்கையும் கடைக்குப் போய்ப் படிப்போம். அவர் கேட்கக் கேட்க நாங்கள் மேலும் படங்கள் கொடுத்தோம். எங்கள் வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, நான் தைத்த பாவாடை, தங்கை வாங்கிய பரிசு. ஒவ்வொரு படத்தின் கீழும் யார், என்ன வயது, எந்தத் தெரு என்று எழுதச் சொன்னது நாங்கள்தான். நாங்கள் யாருக்கு முகவரி கொடுத்தோமோ அவர் மட்டும்தான் பார்க்க முடியும், கடிதம் மாதிரி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

4. பிறகு திரு. தேவஇரக்கம் தமது கடைக்கென்று ஒரு பக்கம் தொடங்கினார். கடையில் செய்த வேலைக்கு மாதிரியாக எங்கள் பக்கத்தையும் அதில் இணைத்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்ற பெருமையில் செய்தார். அதிலிருந்து அறிமுகம் இல்லாதவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நல்ல குடும்பம் என்று எழுதினார்கள். பிறகு என்னைப் பற்றியும், பிறகு தங்கையைப் பற்றியும் எழுதினார்கள். அந்த வரிகளை இந்த மனுவில் எழுத என்னால் இயலாது. அதன் பின் யாரோ ஒருவர் என் பெயரைப் போட்டு, நானே எழுதியது போல, வீட்டுக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் யார் எந்தப் பெயரையும் போடலாம் என்பது ஐயா அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

5. இவற்றை முதலில் பார்த்தவர் என் அப்பா. கூட வேலை பார்ப்பவர்களும் அப்போது பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு போனுக்கு அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. "அதை நீ எழுதினியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் எதுவும் எழுதவில்லை.

6. தெருப் பெயர் படத்தில் இருப்பதால் வீட்டுக்குக் கடிதங்களும் வரத் தொடங்கின. அம்மா தபால்காரரிடம், எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும்படி சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரியை மேலே கொடுத்திருப்பது இதனால்தான். சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு பகல் வேளையில் வெளியூர் ஆள் ஒருவர், எங்கள் படத்தைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அம்மா ஷிப்டில் இருந்தார்கள். தங்கைதான் கதவைத் திறந்தாள். அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, அக்கா இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். நான் வந்து கதவைச் சாத்தினேன். அவர் கொஞ்ச நேரம் தெருவில் நின்றுவிட்டுப் போனார். தெருவே பார்த்தது. மறுநாள் முதல் அம்மா தங்கையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. "அந்தப் படம் போனாத்தான் இவ படி தாண்டுவா" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவை நான் குறை கூறவில்லை. ஷிப்டுக்குப் போகும்போது தங்கையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். போகும்போது அழுகிறார்கள்.

7. அம்மா கொடுத்த புகாரின் பேரில் சபைக் கமிட்டியார் திரு. தேவஇரக்கத்தை அழைத்து விசாரித்தார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். மூப்பர் திரு. இருதயம் அவர்கள், நாலு பேர் முன்னால் அழித்துக் காட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கமிட்டியார் கடைக்குப் போனார்கள். அம்மாவோடு நானும் போயிருந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் எங்கள் பெயர் போட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு படமாக அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் குப்பைக் கூடை என்ற இடத்தையும் காலி செய்து காட்டினார். கடைப் பக்கத்திலிருந்த இணைப்பையும் எடுத்தார். இனி எங்கும் இல்லை என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னார். மூப்பர் அங்கேயே நின்று ஜெபம் செய்தார். விஷயம் முடிந்தது, இனி யாரும் இதைப் பேசக் கூடாது என்று சபையில் அறிவித்தார்கள்.

8. ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை. அதனால் அம்மா தங்கையை இன்னும் வெளியே விடவில்லை. தபால்காரர் திருப்பி எடுத்துப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சந்தேகப்பட்டு, தைத்த துணி கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் சித்தி நேசமணியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் திரு. பால்சாமி என்பவருடைய பிரவுசிங் சென்டருக்குப் போனேன். முகவரியை அடித்ததும் பக்கம் வந்தது. ஒரு படமும் குறையவில்லை. எங்கள் ஊரில் அழித்தது அந்தக் கடையில் இருந்த பிரதி மட்டும்தான், பக்கம் இருப்பது அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் என்று திரு. பால்சாமி விளக்கினார். இணைப்பை எடுத்தும் பயன் இல்லை. முகவரி தெரிந்தவர்கள் அதை இன்னும் சிலருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

9. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மூப்பரிடம் சித்தியோடு போனேன். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. "எங்க கண்ணு முன்னால அழிச்சு, ஜெபம் பண்ணி முடிச்ச காரியம். ஏட்டி, நீ எதுக்கு அடுத்த ஊருல போயி அதத் தேடிப் பாக்க?" என்று கேட்டார். அந்த ஊர்க் கம்ப்யூட்டரில் பழசு ஒட்டிக்கொண்டிருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். மறுபடியும் விசாரித்தால், சத்தியம் செய்தவரைப் பொய்யர் என்று சொல்வதாகும் என்றும் சொன்னார். இப்போது எங்கள் தெருவில், அவளே எழுதிப் போட்டுக்கொள்கிறாள் என்று என்னைப் பற்றிப் பேச்சு. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

10. திரு. தேவஇரக்கத்துக்கும் பிறகு உண்மை தெரிந்துவிட்டது. அவரே என்னைக் கடை ஓரமாக அழைத்து, "அழிச்சா எல்லா இடத்துலயும் போயிரும்னுதான் நெசமா நெனச்சேன் தாயி. பாஸ்வேர்டு எங்கிட்ட இல்ல. இத வெளிய சொல்லிராத, பொறவு கோயில்ல நான் எந்திரிச்சு நிக்க முடியாது" என்றார். அவர் கண் கலங்கியது. இத்தனை நாள் நான் சொல்லவில்லை. தங்கைக்காக இங்கே எழுதுகிறேன். அவரைத் தண்டிக்கக் கோரவில்லை.

11. பாஸ்வேர்டு வைத்திருந்த தனுஷ்கோடி கடையை விட்டு நின்று, சொந்த ஊரான வத்திராயிருப்பில் இருக்கிறார். சித்தியும் நானும் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். மறுக்காமல் எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். நினைவுக்கு வந்த எல்லாச் சொல்லையும் அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. மறந்தவர்களுக்கு அந்தக் கம்பெனி புது பாஸ்வேர்டை மெயிலில் அனுப்புமாம். அதற்குக் கொடுத்திருந்த மெயில் முகவரி, பயன்படுத்தாமல் விட்டதால் மூடப்பட்டுவிட்டது. ஆகவே திறந்தவராலும் மூட முடியாத பக்கமாக அது நிற்கிறது.

12. காவல் நிலையத்துக்கும் போனோம். மரியாதையாகவே நடத்தினார்கள். இராஜபாளையத்தில், அச்செடுத்த தாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்தது, அங்கே போங்கள் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில், பக்கம் திறந்தது இராஜபாளையத்தில், அங்கேதான் புகார் என்றார்கள். அங்கிருந்த ஏட்டு ஒருவர், "அந்தப் பொருள் இப்ப எங்க இருக்கு, அதச் சொல்லும்மா, எழுதிக்கிடுதேன்" என்று பேனாவை எடுத்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்கா என்று சித்தி சொன்னார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

13. திரு. பால்சாமி கடையிலிருந்து அந்தக் கம்பெனிக்கே மெயில் எழுதினோம். ஆங்கிலத்தில் பதில் வந்தது. பக்கத்தைத் திறந்தவர் தமது பாஸ்வேர்டோடு கேட்க வேண்டும், அல்லது அரசு அதிகாரி ஒருவர் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பதிலின் நகலை இணைத்துள்ளேன். எங்களுக்கு இனி போக வேறு இடம் இல்லை.

ஆகவே ஐயா அவர்கள் தங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவு மூலம் அந்தக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, பக்கம் முழுவதையும் நீக்கச் செய்ய வேண்டுகிறேன். அதோடு என் அப்பா வெள்ளிக்கிழமைகளில் எழுதிய வரிகளும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் வைத்திருக்க வழி இல்லை என்கிறார்கள். அதுவும் போகட்டும்.

பக்கம் நீங்கியபின், நீங்கிவிட்டது என்று கோபுர முத்திரை போட்ட தாளில் இரண்டு வரி எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல்லை என் அம்மா இனி நம்ப மாட்டார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அதற்கு வராவிட்டால் தங்கையின் பெயரை எடுத்துவிடுவதாக வகுப்பு ஆசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் கணக்கில் நல்ல மார்க் வாங்குபவள். நான் நின்ற அதே வகுப்பில் அவளும் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுதல். பக்கத்தின் முகவரியை இந்த மனுவில் எங்கும் நான் எழுதவில்லை. தனியாக ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த மனு நடவடிக்கைக்காகப் பல மேசைகளுக்குப் போய் வரும் என்று திரு. பால்சாமி சொன்னார். மனு எத்தனை பேர் கைக்கு வேண்டுமானாலும் போகட்டும். எல்லோரும் படிக்கட்டும். அந்த உறையை மட்டும் உடன் அனுப்பாமல், கடிதம் எழுதப்போகும் ஒருவர் கையில் நேராகக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது. உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு முறை பார்த்தால் போதும்.

இவ்வண்ணம் பணிவுடன்,
கி. பியூலா
(ஒப்பம்)

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர்
நாள்: 15.11.1999

இணைப்பு:
கம்பெனியின் ஆங்கிலப் பதில் – நகல்.
ஒட்டிய உறை – ஒன்று.