வாத்துக் கதைக்கு உம் கொட்டியது

தென்காசி
ஆடி 20

அன்பு மகன் சாய்கிருஷ்ணனுக்கு,

அப்பா எழுதுகிறேன். குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அந்தக் குளிர் ஊரில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க உலகம்மன் சன்னதியில் தினமும் உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் தாள் வாங்கி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று எனக்கே இப்போதுதான் புரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வருஷம் சாரல் நன்றாக விழுகிறது. ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் சேர்ந்து கொட்டி, போன வாரம் மூன்று நாள் குளிக்கக் கூடாது என்று போலீஸ் சங்கிலி கட்டிவிட்டது. வந்த கூட்டம் தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டது, போட்டோ எடுப்பவனுக்கு நம் கடை எண்ணெயும் துண்டும் எதற்கு. நானும் பக்கத்துக் கடை சங்கரபாண்டியும் அவனுடைய மங்குஸ்தானை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். திருவேங்கடத்தில் இருந்து உன் முப்பிடாதி அத்தை நல்லெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கூடவே, முப்பத்து நாலு வயசுக்காரன் எப்போ கல்யாணம் பண்ணப் போறான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கேட்டுவிட்டேன், பதில் எழுதினால் அவளுக்கே எழுது.

நீ அனுப்பிய செய்தியை நாலைந்து தடவை படித்தேன். நீ இத்தனை நீளமாக எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. ரெகினா ஆச்சி தவறிவிட்டார்கள் என்ற முதல் வரியைப் படித்ததுமே கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூற்றாறு வயசு, கல்யாணச் சாவு என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து வயசிலேயே கொண்டுபோகப் பார்த்தவர்களிடம் இருந்து தப்பிப் பிழைத்து, மீதி எண்பத்தொரு வருஷத்தையும் கையில் பிடித்துக்கொண்டே இருந்த மனுஷி அல்லவா.

நான் உன் ஊருக்கு வந்திருந்தபோது நடந்ததைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை வாயே திறக்கவில்லை, இன்றைக்கு நானே திறக்கிறேன். உன் வீட்டில் குப்பை போடச் செருப்போடு வெளியே போனேன், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, நாலு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு என்னைத் தனியே விடப் பயந்துதான் படப்பிடிப்புக்குக் கூட்டிப் போனாய். ரயிலில் போகும்போது நீ எல்லாவற்றையும் விளக்கினாய். யூதர்களாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக அறுபது லட்சம் பேரைக் கொன்றார்கள், தப்பியவர்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயசு, இன்னும் சில வருஷத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், அதற்குள் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் படமாக எடுத்து வைக்க வேண்டும், பின்னால் வருகிறவன் இதெல்லாம் நடக்கவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்றாய். என் மகன் இப்படி ஒரு வேலைக்காகவா கடல் தாண்டிப் போயிருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது சொல்லவில்லை, ரயிலில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள், என் குரல்தான் உனக்குத் தெரியுமே. முப்பது வருஷம் அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வியாபாரம் பார்த்த தொண்டை.

அந்த ஆச்சி வீட்டுக்குள் போனதும் உன் ஒலிப்பதிவில் வேறு சத்தம் விழக் கூடாது என்று நீ கடிகாரத்தில் பாட்டரியைக் கழற்றினாய். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறக்காமல் இருக்க உன் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்தாய். அப்பா, மூச்சக்கூட மெதுவா விடுங்க என்று என்னைக் கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாய். இரண்டு நாள் சொன்னபடி இருந்தேன். ஆச்சியும் இரண்டு நாளும் பாடம் ஒப்பிப்பது போல நிற்காமல் சொன்னார்கள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொன்ன கதை என்று நீ சொல்லியிருந்தாய். மூன்றாம் நாள் ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள், தன் கையைப் பார்த்தார்கள். ஒருத்தருமே ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் ஒரு மனுஷி துக்கத்தைச் சொல்லிக்கொண்டு வந்து பாதியில் நின்றால், கேட்கிறவன் ம் என்று சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் அவர்களைத் தனியே விட்டது மாதிரி ஆகாதா? நான் நினைத்துச் செய்யவில்லையப்பா, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுவும் ஐந்தருவிக் குரலில். ஆச்சி திரும்பி என்னைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே அடுத்த வார்த்தையைச் சொன்னார்கள். அப்புறம் அவர்கள் நிறுத்தும்போதெல்லாம் நான் உம் கொட்டினேன். நீ ஹெட்போனோடு என்னை முறைத்தது தெரிந்தது, டைரக்டர் அம்மா கையைக் காட்டி உன்னை அடக்கியதும் தெரிந்தது. என்னால்தான் நிறுத்த முடியவில்லை.

பிறகு மாடிப்படியில் வைத்து நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. அப்பா, இது என்ன ஐந்தருவிக் கடையா, ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியளா, எண்பது வருஷமாச் சொல்லாததச் சொல்லுதாங்க, அத்தனையும் பாழாப் போச்சு என்றாய். மறுநாள் டைரக்டர் அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டதற்கு, சொன்னது சொன்னதுதான், இனி இல்லை என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சீசனுக்குக் கடையைத் தயார் பண்ண வேண்டும் என்று பொய் சொல்லித்தான் பதினோரு நாள் முன்னாலேயே டிக்கெட்டை மாற்றச் சொன்னேன். நீயும் இருங்க என்று சொல்லவில்லை. விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த துபாய்க்காரப் பையன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

ஆச்சி அன்றைக்குச் சொன்னது என்ன என்று உன் செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆச்சியின் தங்கச்சி எஸ்திக்கு அப்போது எட்டு வயசு. கதை சொல்லாவிட்டால் தூங்காது. தொப்பி வாங்கச் சந்தைக்குப் போன ஒரு வாத்தின் கதை. ஆடுமாடு மாதிரி அடைத்துக் கொண்டுபோன அந்த ரயிலிலும் தங்கச்சி கதை கேட்டிருக்கிறது. இருட்டில் ஒவ்வொரு வரிக்கும் அது ம், ம் என்று சொல்லச் சொல்ல, ரெகினா சொல்லியிருக்கிறாள். வாத்து பாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு எரிச்சல் வந்து, மீதி இறங்கினதும் சொல்கிறேன், பேசாமல் இரு என்று அதட்டிவிட்டாள். இறங்கின இடத்தில் அம்மாவையும் எஸ்தியையும் ஒரு வரிசைக்கும் இவளை வேறு வரிசைக்கும் தள்ளிவிட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் இரண்டு பேரும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆச்சி இதைச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்கள், சொல்லிவிட்டு அந்த வாத்தைப் பாலம் தாண்ட வைத்து, சந்தையில் தொப்பி வாங்க வைத்து, வீடு திரும்பவும் வைத்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்து ஏதோ இரண்டு வரி சொன்னார்களே, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் தங்கையைப் போலவே கேட்கிறார், அதனால் முடித்துவிட்டேன் என்பதுதான் அந்த வரி என்று நீ எழுதியிருக்கிறாய். அடப்பாவி, மூன்று மாசம் கழித்தா ஒருத்தன் இதைச் சொல்வான். நான் கொட்டிய உம் பாதி வாத்துக்கு என்பது இப்போதல்லவா எனக்குத் தெரிகிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நாற்பத்தொரு இடத்தில் என் குரல் இருக்கிறது, சாட்சி சொல்பவரின் குரலைத் தவிர வேறு குரல் இருக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பகத்தின் விதி, இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் தடம் தெரியாமல் எடுத்துவிடலாம், முடிவை டைரக்டர் அம்மா உன்னிடம் விட்டிருக்கிறார், அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். படித்ததும், எடுத்துத் தள்ளு, இந்தக் கிழவன் சத்தம் எதற்கு என்று டைப் பண்ணப் போனேன். ஆனால் நீ கூடவே அனுப்பியிருந்த ஒலியைக் கேட்காமல் சொல்ல மனசில்லை. அருவிப் பக்கத்தில் எங்கே கேட்பது. சங்கரபாண்டியின் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். யார் அண்ணாச்சி இந்தம்மா என்றான். பேசாமக் கேளுலே என்றேன். அவனுக்கு ஒரு விவரமும் தெரியாது, அவன் படித்தது எட்டாங்கிளாஸ். ஆச்சி பேசிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்தியதும், என் குரல் போனில் வருவதற்கு முன்னால் சங்கரபாண்டி ம் என்றான்! தொடையில் ஒன்று வைத்தேன். என்னத்துக்கு அடிக்கிய, அந்தம்மா பாவம், நிறுத்திட்டாவள்லா என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. காரைச் சுற்றி மழை, உள்ளே நாங்கள் இரண்டு கிழட்டுப் பயல்கள் அந்த வாத்து வீடு போய்ச் சேரும்வரை உம் கொட்டிக்கொண்டே கேட்டோம்.

அதனால் எடுக்காதே சாயி. உன் தொழில் உனக்குத் தெரியும், விதியை மீறி மாட்டிக்கொள்ளவும் சொல்ல மாட்டேன், டைரக்டர் அம்மாவிடம் எடுத்துச் சொல். அந்தக் குரலைத் துடைத்துவிட்டால் பின்னால் கேட்பவர்கள் ஆச்சி சுவரைப் பார்த்து வாத்துக் கதை சொன்னதாக நினைப்பார்கள். எண்பது வருஷம் கழித்து எஸ்தி இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டான், அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன. என் பெயரை எங்கேயும் போட வேண்டாம். ம் மட்டும் இருக்கட்டும். அன்றைக்கு உன் வேலையைக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை நாள் மருகிக்கொண்டிருந்தேன். கெடுத்ததற்கு மன்னித்துக்கொள், ஆனால் செய்ததற்கு இப்போது வருத்தமில்லை.

உன் அம்மா லக்ஷ்மி இருந்தால் இதைக் கேட்டுச் சிரிப்பாள். அவள் ஊர்க்கதை சொல்லும்போது நான் பேப்பர் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன். கேக்கியளா, சும்மா ம் போடுதியளா என்று சோதிக்க, நடுவில் நம்ம ஓட்டுமேல யானை ஏறிட்டு என்பாள். அதற்கும் நான் ம் என்பேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அவள் போய் மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் சொல்லவும் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நான் உம் கொட்டுவதைப் பக்கத்து வீட்டில் கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது கடை அடைத்து வந்து உனக்குக் கதை சொல்வேன். என் மேல் காலைப் போட்டுக்கொண்டு ம், ம் என்பாய். எப்போது ம் நிற்கிறதோ அப்போது நீ தூங்கிவிட்டாய் என்று நானும் நிறுத்திவிடுவேன். இப்போது போனில் நான் பேசுகிறேன், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஏலே, இருக்கியா என்று கேட்டால், இருக்கேன்பா, கேக்கேன் என்கிறாய். பேசாமல் கேட்பதுதான் உன் தொழில் என்று எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் ம் வராவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டான் என்று என் மனசு பழைய ஞாபகத்தில் கதையை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறேன். அப்பா கோபமாக வைக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். கோபமே இல்லையப்பா. உன்னிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது.

சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. பனி விழத் தொடங்கினால் காதை மூடு, உனக்குச் சோறு போடுவதே அந்தக் காதுதான். எந்த வீட்டில் படப்பிடிப்பு முடிந்தாலும் அங்கே ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காதே. ஆச்சி காரியத்துக்குப் போக முடிந்திருந்தால் எனக்காகவும் ஒரு கும்பிடு போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் ஆசியும் என் ஆசியும் நீ போகும் ஊரெல்லாம் உன்னோடு வரட்டும், நீ நூறு வருஷம் நல்லா இரு.

இது கைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே ஒரு போன் போடு. நான் சொல்கிறேன், நீ ஒன்றும் பேச வேண்டாம். நடுநடுவே ம் என்று மட்டும் சொல்லு, நான் நிறுத்த மாட்டேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
சாம்பசிவம்