குளம் நலம்

ஜூன் 11

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். குளமும் நலம். இரண்டையும் தனித்தனியே எழுதக் காரணம் உண்டு. சென்ற கடிதத்தில் "நலம்" என்று மட்டும் எழுதியதற்கு, "யார் நலம், நீங்களா, மீன்களா?" என்று கேட்டிருந்தாய். பொருள் மயங்க எழுதுவது பத்திரம் வரைபவனுக்குக் குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற வாரம் மழை பிடித்துக்கொண்டது. அலுவலகத்திலிருந்து திரும்பிச் சமையலறைப் பின்கதவைத் திறந்தபோது கொல்லை முழுவதும் ஒரே நீர்ப்பரப்பு. எது குளம், எது தரை என்று சொல்ல இயலவில்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரங்களில் நிலத்தின் நான்கெல்லை எழுதியே பிழைத்தவன் நான். எல்லையே இல்லாத அந்தக் காட்சியை நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்கும் கல்லின் மேலாக, உன் கணவன் 'பெரியவர்' என்று பெயர் வைத்த அந்த ஆரஞ்சு மீன் நிதானமாக நீந்திப் போனார். கொடிக்கயிற்றின் நிழல் அவர் முதுகில் விழுந்து விழுந்து நகர்ந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை.

பிறகு தவளைகள் வந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன சார், கோர்ட்டை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா? எல்லாரும் ஒரே நேரத்துல வாதாடுறாங்க!"

"ஆமாங்க. எதிர்த்தரப்பு இன்னும் ஆஜராகலை."

"சீக்கிரம் ஆஜராகச் சொல்லுங்க. தூங்கி மூணு நாளாச்சு."

இன்று காலை ஆம்பல் இலையின் அடியில் கூழ்போல ஒரு கொத்து, உள்ளே கடுகு தெளித்ததுபோல் கரும்புள்ளிகள். தவளை முட்டை என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் இவற்றை அவன் நீலத் தொட்டியில் எடுத்து வைத்து ஏதோ செய்வான். நான் முன்னறையில் பத்திரம் படித்துக்கொண்டிருப்பேன், எட்டிப் பார்த்ததில்லை. குளத்தைத் தோண்டிய என் மகன் காய்ச்சலில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. நீயும் வேலை மாற்றலாகி அந்த ஊருக்குப் போய்விட்டாய். பொறுப்பு என் தலையில். என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுது.

உன் நலம் நாடும்,
மாமா

—

ஜூன் 14

அன்பு மாமாவுக்கு,

வணக்கம். பெரியவர் துவைகல் மேல் நீந்தினதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

படிப்படியாக எழுது என்கிறீர்கள். உங்களைப்போல் ஷரத்துப் போட்டு எழுத எனக்கு வராது. மீன்கள் முட்டையையும் விடாது, தலைப்பிரட்டையையும் விடாது. பெரியவர் பார்க்கத்தான் சாது. அதனால் கொத்தோடு சொம்பில் அள்ளி, குளத்துத் தண்ணீரோடேயே நீலத் தொட்டியில் விடுங்கள். தொட்டி நிழலில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் செத்துப்போகும். வாளியில் பிடித்து ஒருநாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். பொரிந்ததும் வேகவைத்த கீரை கொஞ்சம். கொஞ்சம்தான் மாமா! நீங்கள் சாப்பிடுவதே அரைவயிறு. அதிலும் பாதியை அதுங்களுக்குப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் வேலை அதேதான், காது பரிசோதனை. வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறை. காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லுவேன். சிலர் நான் எதுவும் அனுப்பாதபோதே அழுத்துகிறார்கள். "என்னம்மா கேட்டுச்சு?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "மழை" என்றார்கள். யாரும் வராத மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்குத் தவளை கேட்கும்.

பரிசோதனைக்கு வந்த ஒரு விலங்கியல் ஆசிரியரிடம் நம் தவளைகளைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒரு காது மந்தம். கத்துவதெல்லாம் ஆண் தவளைதானாம், பெண் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்குமாம்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து இருங்களேன்.

அன்புடன்,
மருமகள்

—

ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கு,

வருத்தமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை தொட்டியில் பல குஞ்சுகள் இறந்து மிதந்தன.

நான் அசட்டையாக இருக்கவில்லை. காகத்துக்கும் பூனைக்கும் பயந்து, தையல்காரரிடம் சொல்லிக் கொசுவலையில் இலாஸ்டிக் வைத்த மூடி தைத்து இறுக்கியிருந்தேன். "தொட்டிக்குப் பாவாடையா சார்?" என்று கேட்டபடியே தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. வெயில் ஏறும்போதெல்லாம் தொட்டியை நகர்த்தினேன். பின்கால்கள் வந்தன, முன்கால்கள் வந்தன, வால் சுருங்கியது. தாளில் வரைந்த உருவம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அழிக்கப்பட்டுக் கொஞ்சம் வரையப்படுவதுபோல் இருந்தது. கேடு வரக்கூடிய எல்லா வழிகளையும் அடைத்திருந்தேன். எனினும் இவ்வாறு நேர்ந்தது. செம்பருத்தியின் அடியில் புதைத்தேன்.

மீதி சில உயிரோடு உள்ளன. காரணம் தெரிந்தால் உடனே எழுது. உன் ஆசிரியரிடமும் கேள்.

பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தொட்டியை இந்த நிலையில் விட்டுவிட்டு வருவது முறையாகாது.

மாமா

—

ஆகஸ்ட் 2

அன்பு மாமாவுக்கு,

கடிதம் கண்டதும் போன் செய்யலாமா என்று நினைத்தேன். போனில் நீங்கள் "ம்", "சரி", இரண்டு வார்த்தைதான் பேசுவீர்கள். எழுத்தில்தான் நீங்கள் முழுசாக இருக்கிறீர்கள்.

கால் முளைத்ததும் அதுங்களுக்கு மூச்சுக்குக் காற்று வேண்டும். ஏறி உட்கார இடம் இல்லையென்றால் தண்ணீரிலேயே முங்கிச் செத்துவிடும், தவளையாக இருந்தாலும். ஒரு கல்லையோ பலகையையோ சாய்த்து வையுங்கள். வலையை எடுத்துவிடுங்கள். இரண்டொன்றைக் காகம் கொண்டுபோகும். போகட்டும்.

மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். முதல் வருஷம் உங்கள் மகனும் இதே தப்பைத்தான் செய்தார். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. "அப்பாகிட்ட சொல்லாதே, அலட்சியம்னு தீர்ப்பு எழுதிடுவார்" என்றார்.

ஆசிரியரிடம் கேட்கச் சொன்னீர்களே, கேட்டேன். இந்தப் பருவத்தில்தான் முங்கும் என்று காட்ட, மறுநாளே அவர் வாலோடு இருக்கிற ஒரு குட்டித் தவளையை ஜாடியில் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கூட்டத்தில் யாரும் இடிக்காமல் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாராம். சட்டையெல்லாம் ஈரம்.

இங்கே நல்ல மழை. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
மருமகள்

—

நவம்பர் 2

அன்புள்ள மருமகளுக்கு,

உன் செப்டம்பர், அக்டோபர் கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பலகை வைத்ததும் பிழைத்தவை எல்லாம் கரையேறின. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. ஆனால் முழுத் தவளைகள். சமையலறைப் படியை அவை கடந்துகொண்டிருந்த நாட்களில் நான் பின்கதவைப் பயன்படுத்தவில்லை. துணி உலர்த்தக்கூட வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

நம் மலையூரில் குளிர் வந்துவிட்டது. மீன்கள் அடியில் அசையாமல் நிற்கின்றன. அவற்றுக்கு இரை போடுவதில்லை. நீர் அவ்வளவு தெளிவு. பெரியவருக்கும் மேகத்துக்கும் இடையே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றுகிறது.

ஞாயிறு மதியம் கண் அயர்ந்தபோது ஒரு கனவு. குளம் வீட்டின் அடியிலெல்லாம் பரவியிருக்கிறது. முன்னறைத் தரை கண்ணாடி. கீழே அவன் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான். தாளின் பக்கங்களுக்கு நடுவே மீன்கள் போய் வருகின்றன. நிமிர்ந்து பார்த்து, "செருப்பைக் கழட்டிட்டு வாங்கப்பா, சத்தம் கேக்குது" என்றான். விழித்தபோது வெறுங்காலோடுதான் இருந்தேன்.

இன்னொரு விஷயம். உன் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி வாசித்தேன், தொழில் பழக்கம். ஜூனில் அந்த ஆசிரியர் ஒரு நோயாளி. ஆகஸ்டில் ஜாடியோடு பஸ்ஸில் வந்தார். செப்டம்பரில் உன் வீட்டுக் குழாயைச் சரிசெய்தார். அக்டோபர் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான்கில் என் கவனத்தை ஈர்த்தது அக்டோபர்தான்.

குறுக்கு விசாரணை செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. சொல்ல ஏதேனும் இருந்தால் சொல்.

மாமா

—

நவம்பர் 20

அன்பு மாமாவுக்கு,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எப்படியும் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசல் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல், மன்னியுங்கள்.

அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்ல மனுஷன் மாமா. அதிகம் பேசமாட்டார். நான் பேசும்போது நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொள்வார். உங்கள் மகனைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் குளத்தைப் பாக்கணும்" என்றார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறேன். அம்மா அப்பா இல்லாதவள் நான். எனக்கு வீடு என்றால் அந்தக் கொல்லையும் பின்கதவும் நீங்களும்தான். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

காத்திருக்கும்,
மருமகள்

—

நவம்பர் 29

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கவனமாகப் பரிசீலித்தேன்.

நீ என் அனுமதியைக் கோரியிருக்கிறாய். அவ்வாறு கோர வேண்டிய அவசியம் உனக்கு இல்லை என்பதைத் தெளிவுபடுத்துவது என் கடமை. நீ வயது வந்தவள். சொந்தச் சம்பாத்தியம் உள்ளவள். என் மகனோடு உனக்கிருந்த மண உறவு அவன் மறைவோடு முடிவுற்றது. அதன் வழியாக என்னோடு ஏற்பட்ட உறவு உன்னை எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. அனுமதி அளிக்கவோ மறுக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. உன் விருப்பப்படி முடிவெடுக்க நீ முழு உரிமை பெற்றவள்.

குளம் நலம்.

இங்ஙனம்,
உன் நலம் விரும்பி

—

டிசம்பர் 15

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டம் புரிந்தது. நான் சட்டம் கேட்கவில்லை.

உறவு முடிந்துவிட்டது என்று எனக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. "மாமா" என்றுகூடக் கையெழுத்துப் போடாமல் நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி குளத்தைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் காலையில் தலைக்கு ஊற்றாதீர்கள்.

—

டிசம்பர் 21

என் மருமகளுக்கு,

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என்னைப் போன்ற நுணல்கள் பேனாவால் கெடுகின்றன.

உன் கடிதத்தை வாசற்கதவிலேயே நின்று படித்தேன். பிறகு நான் எழுதியதன் நகலை எடுத்து, அது எனக்கு வந்ததுபோல் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஒரு வரிகூட மனிதன் எழுதியது அல்ல.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டதைப் படித்ததும் எனக்குள் முதலில் எழுந்த சொல் "வேண்டாம்" என்பது. அந்த ஆசிரியரிடம் குறை கண்டு அல்ல. நீ இன்னொரு வீட்டின் கதவைத் திறந்தால், இந்த வீட்டில் அவனைப் பற்றி என்னோடு பேச யாரும் மிஞ்சமாட்டார்கள் என்ற பயம். அந்தச் சொல்லைச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அத்தனை வாக்கியங்களை அடுக்கினேன். அது எனக்கு நானே எழுதிக்கொண்ட கடிதம். முகவரி மட்டும் உன்னுடையது.

நீ கேட்ட வார்த்தை இதோ. செய்துகொள், அம்மா. சந்தோஷமாகச் செய்துகொள். இதற்கு நிபந்தனை எதுவும் இல்லை, காலவரையறை இல்லை, என்னால் திரும்பப் பெறவும் முடியாது.

உறவு முடிந்தது என்று எழுதியதை முற்றாக விலக்கிக்கொள்கிறேன். மேலே "மருமகள்" என்றே எழுதியிருக்கிறேன். அதில் திருத்தம் எதுவும் வராது.

அவரைக் கூட்டிக்கொண்டு வா. மீன்கள் அடியில் கிடக்கின்றன. தவளைகள் மண்ணுக்குள் போய்விட்டன. இந்தக் குளிரில் காட்டுவதற்கு அங்கே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா. குளத்தைப் பார்க்க வேண்டும் என்றாரே, பார்க்கட்டும். எந்தப் பக்கத்துக் காது நல்ல காது என்று மட்டும் முன்கூட்டியே எழுது. அந்தப் பக்கம் நாற்காலி போட வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று இந்த வாரம் முழுவதும் யோசித்தேன். நீ நான் பெற்ற மகளாக இருந்தால் மருமகன் என்றிருப்பேன். மருமகளின் கணவனுக்கு நம் பேச்சில் இருப்பது ஒரே ஒரு சொல்தான். அதை நான் இதுவரை ஒருவனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. வாய் பழகக் கொஞ்சம் காலம் ஆகும்.

அதுவரை "வாங்க" என்று சொல்கிறேன்.

மாமா