மேட்டில் எண்ண ஆளில்லை

ஜன. 20, செவ்வாய்

பனி. மலையே தெரியவில்லை. ஸ்கூலுக்கு முன்னால் சிறுமலை அடிவாரத்தில் ஓட்டம். மேப்பில் குறித்துக்கொண்டு போன இடம் ஐந்து, கண்டுபிடித்தது மூன்று.

தப்பு:
– பாழுங்கிணறு. மேட்டில் இரைக்க இரைக்க ஓடி, தாண்டியே போய்விட்டேன். வாட்சில் பல்ஸ் 172.
– ஓடை பிரியும் இடம். அதே கதை. 168.

சமதரையில் ஒரு தப்பும் இல்லை. மூச்சு வாங்கினால் மூளை லீவு போட்டுவிடுகிறது. இதில் நான் கணக்கு டீச்சர் வேறு.

ஆடு மேய்க்கிற அம்மா: "ஏத்தா, எதையாச்சும் தொலைச்சுட்டியா? நேத்தும் இங்கனயேதான் சுத்துன."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாங்க: சோப்பு, குக்கர் கேஸ்கட்.

ஜன. 22, வியாழன்

ஞாயிறு போட்டி, மேப் பார்த்துக் கொடிகளைத் தேடி ஓடுவது. தனி ஆள் பிரிவு, எட்டுக் கொடி, இரண்டு மணி நேரம்.

ஆறு வருஷம் கூட வேலை பார்த்த பிலோவோடு ஜோடிப் பிரிவில்தான் ஓடினேன். மேப் பார்ப்பது நான், தூரத்துக்குக் காலடி எண்ணுவது அவள். "எத்தனை பிலோ?" என்றால் போதும், சொல்லிவிடுவாள். போன ஜூனில் நாற்பது வயதில் கல்யாணம் ஆகி ஓசூர் போய்விட்டாள். சந்தோஷம்தான். ஸ்டாஃப் ரூமில் அவள் நாற்காலியில் இப்போது விடைத்தாள் கட்டு.

ஞாயிறு நேரத்துக்குள் முடிக்காவிட்டால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். தனியாக ஓடுவதும் ஒரு ஓட்டமா.

தோசை. ஒரு ஆளுக்கு வெஞ்சனம் எதற்கு, பொடி போதும்.

ஜன. 23, வெள்ளி

இன்றும் மேட்டில் தப்பு. 170. இப்போதுதான் உறைத்தது. இரைக்கும்போது நான் காலடி எண்ணுவதே இல்லை. அவள் எண்ணிக்கொள்வாள் என்று கால் அது பாட்டுக்குப் போகிறது. ஏழு மாதமாக இல்லாத ஆளை நம்பி ஓடியிருக்கிறேன்.

அழுகை வந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

ஜன. 25, ஞாயிறு

சர்ச்சில் ஞாயிறு பூசை நேற்று மாலையே பார்த்தாச்சு. நல்ல வெயில், காற்று.

ஆறு கொடி சரி. ஏழாவது கொடி மேட்டுக்கு மேல், வரப்பு முக்கிலிருந்து சுமார் 340 காலடி. பாதி ஏறியதும் வாய்விட்டே கேட்டுவிட்டேன், "எத்தனை பிலோ?"

பின்னால் வந்தவர் நின்றார். "என்னையவா கேட்டீங்க?"

"இல்ல சார், நீங்க போங்க."

உட்கார்ந்தேன். தண்ணீர். எல்லாரும் தாண்டிப் போனார்கள். மூச்சு அடங்கியதும் வரப்பு முக்குக்கே இறங்கி, ஒன்றிலிருந்து, சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தேன். முன்னூற்று முப்பத்தெட்டில் கொடி.

மொத்தம் இரண்டு மணி நான்கு நிமிஷம்.

முடிவிடத்து மேசையில் இருந்தவர்: "எட்டும் எடுத்துட்டீங்க டீச்சர், ஆனா டைம் தாண்டிருச்சு. லிஸ்ட்ல வராது."

சாயங்காலம் பிலோ போன். மேட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப யாருடி எண்ணுனா?"

"நாந்தான்."

அவள் வீட்டில் குக்கர் விசில். வைத்துவிட்டாள்.

செவ்வாய் ஓட்டத்துக்கு ஷூவைக் கழுவிக் காயப் போட்டாச்சு.