பீரோவை மறைத்த கடற்கரை

கே.கே. நகர், மதுரை.
புரட்டாசி 28

அன்புள்ள மாதங்கிக்கு,

பசுபதி எழுதுவது. நான் நலம். உங்கம்மா என்னைவிட நலம். அங்கே நீயும் நம் மகள் ஸ்ரீஜாவும் மாப்பிள்ளை குருபிரசாத்தும் பேத்தியும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. இந்தப் பக்கம் உங்கம்மா. முன்னால் போய் நின்று, அத்தை, கேஸ் தீர்ந்துபோச்சு என்று கத்தினால் காதில் விழாது. அடுத்த ரூமில் நான் உன்னோடு கிசுகிசுத்தால் ஒரு எழுத்து சிந்தாமல் விழும். அதனால்தான் எதிர்வீட்டு முத்துமீனாவின் மகன் சித்தார்த் லீவு முடிந்து கனடா திரும்புகிறான் என்றதும் புளியோதரைப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை எல்லோருக்கும் கொடு. கடிதத்தை நீ மட்டும் வைத்துக்கொள்.

சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை ஏன் வைக்கவில்லை என்று மாப்பிள்ளை விடாமல் கேட்கிறார். கொலு, பீரோ, கலசம் என்று நான் உளறியதைக் கேட்டு, மாமாவுக்கு பி.பி. கூடியிருக்கிறதா என்று ஸ்ரீஜாவிடம் விசாரித்தாராமே! அவர் மேல் தப்பில்லை. உனக்குப் புரியும், கேள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தோம் அல்லவா? குழந்தை வளரும்வரை நீ திரும்பி வரவேண்டாம், நானும் அங்கே வந்துவிடுவது, அத்தையை டி. கல்லுப்பட்டி போகிற ரோட்டில் இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில் விடுவது. நானும் சரி சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது போனில் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னேன். அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்கிற வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்குவம் இன்றுவரை எனக்கு வரவில்லை.

மறுநாள் அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, ஏன் மாப்பிள்ளை, கல்லுப்பட்டி ரோட்டுல பஸ்ஸு அடிக்கடி இருக்குமா என்று கேட்டார்கள். எதுக்கு அத்தை என்றேன். சும்மாத்தான் என்றார்கள். அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிய மூளை. அதுவும் ஓய்வில்தான் இருந்தது.

நவராத்திரி நெருங்கியதும், இந்த வருஷம் கொலுவில் எங்கப்பா இறங்கின கடற்கரையை வைக்கணும் என்றார்கள். உன் தாத்தா கதைதான் உனக்குத் தெரியுமே. பட்டாளத்தில் லாரிப் பிரிவில் கணக்குப் பிள்ளை. யுத்தத்தின் கடைசியில் மலாயாவில் ஒரு கடற்கரையில் படையைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்குள் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். சுடுவதற்கு ஆளே இல்லை. ஆனால் மணல் என்று நினைத்தது சேறு. படகிலிருந்து இறங்கிய லாரிகள் அச்சுவரை புதைந்துபோய் அப்படியே நின்றன. பின்னால் கடல், முன்னால் சேறு, நடுவில் உன் தாத்தா. ஊரில் அந்த வருஷம்தான் அத்தை பிறந்திருக்கிறார்கள்.

எனக்கும் பொழுது போகாத நேரம். சரி, காசு செலவில்லாமல் ஒரு யுத்தம் நடத்திப் பார்ப்போம் என்று இறங்கினேன். முத்துமீனா வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. (ரெட்டைக் கதவு. மகன் லீவுக்கு வந்தாலொழிய வீட்டில் அவளும் புருஷனும்தான், அதிலும் அவள் டயட். யாருக்கு அந்த ரெண்டாவது கதவு என்று தெருவே யோசிக்கிறது.) அதைச் சுற்றி வந்த தெர்மாகோல் அம்புட்டும் கடற்கரை ஆயிற்று. அலைக்கு என் சிநேகிதன் செல்லூர் சிவபாண்டியின் தறிக்கூடத்திலிருந்து நீலக் கழிவு நூல் மூட்டையாக வந்தது. படகுக்கு சோப்பு டப்பா. மூடியைக் கடல் பக்கமாக இல்லாமல் கரைப் பக்கமாகத் திறந்துவிட்டால் அசல் தரையிறங்கும் படகுதான். லாரிகள் எல்லாம் உங்கம்மாவின் மாத்திரை அட்டைப்பெட்டி, சக்கரத்துக்கு என் பழைய சட்டைப் பொத்தான். அத்தைக்கு ரத்தக்கொதிப்பு மட்டும் இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் பட்டாளம் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

மணலுக்கு என் சொந்த யோசனை, ரவை. வறுத்து, பசை தடவித் தூவினேன். பார்த்தால் அசல் கடற்கரை. மறுநாள் காலையில் எறும்புகள் வரிசை கட்டி வந்து பாதிக் கரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மலாயாவில் வராத எதிரி மதுரையில் வந்துவிட்டான். சேற்றுக்கு மைதாவில் பசை காய்ச்சும்போது எறும்பு வராம இருக்க மயில்துத்தம் போட்டீங்களா மாப்பிள்ளை, போஸ்டர் ஒட்டுறவனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே என்று அத்தை ஒரு குத்து விட்டார்கள். பிறகு பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் கெஞ்சி மணல் வாங்கி, சலித்து, வடிகட்டிய டீத்தூளும் கலந்து சேறு செய்தேன்.

விளக்குத்தூண் பக்கம் வாங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்கள் எல்லோரும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். எங்கப்பா ஒருத்தரையும் சுடலை, வெட்டுங்க என்றார்கள் அத்தை. நகவெட்டியால் உட்கார்ந்து வெட்டினேன். இப்போது மொத்தப் பட்டாளமும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி நிற்கிறது. கரையில் வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும் என்று நம் செட்டியார் பொம்மையையும் ஆச்சியையும் கடையோடு வைத்தோம். லாரியைவிட செட்டியார் பெரிசு. எழுந்து வந்து ஒரு கையால் எல்லாவற்றையும் சேற்றிலிருந்து தூக்கி வைத்துவிடலாம். ஆனால் அவர் அரிசி விற்றுக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளும் அத்தை, கடல்னா இம்புட்டுத்தானா, இன்னும் நீட்டுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அடடா, இந்த வயதில் என்ன கலை ரசனை என்று நானும் நீட்டினேன். நீ இருக்கும்போது பூஜை அறையில் மூன்று படியோடு முடிகிற கொலு, ஹாலுக்கு வந்து, மேற்குச் சுவர் முழுக்க நீண்டது. நல்ல நேரம் பார்த்து அத்தை நட்டநடுவில் கலசத்தை வைத்துக் கும்பிட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கடற்கரைக்குப் பின்னால் பீரோ. பீரோவுக்குள் என் பாஸ்போர்ட். நவராத்திரிக்குள் சென்னையில் கைரேகை.

கலசம் வைத்த கொலுவை நவராத்திரி முடியும்வரை அசைக்கக் கூடாது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ ஊருக்குப் போகும்போது பீரோ சாவியைக் கட்டின புருஷனை நம்பாமல் உங்கம்மாவிடம்தான் கொடுத்தாய். நான் கேட்டிருந்தால் அவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள், மாப்பிள்ளையிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் சாவியை மடியில் வைத்துக்கொண்டு பீரோவையே மறைத்துவிட்டார்கள். உன் தாத்தாவுக்கு பதிலாக உங்கம்மாவைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருந்தால் யுத்தம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

கொலு பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாடினார்கள், சுண்டல் சாப்பிட்டார்கள். முத்துமீனா குனிந்து பார்த்துவிட்டு, நம்ம தெருவுல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டதை அப்படியே வச்சிருக்கீங்களே அண்ணே என்றாள். காலனி சங்கப் போட்டிக்கு வந்த நடுவர்களும் அப்படியே நினைத்து, சமூக விழிப்புணர்வுக்கான ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கூடை கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால்தானே கொலு முடியும்? அத்தை செட்டியாரைப் படுக்க வைக்கவில்லை. அம்புட்டு லாரி சேத்துல நிக்குது, அவர் எப்படித் தூங்குவார் என்றார்கள். மறுநாள் முதுகுவலி. அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை என்றார்கள், அன்றைக்கு சனிக்கிழமை. மாப்பிள்ளை இன்னொரு தேதி வாங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். எனக்குக் கடற்கரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, வாசலுக்குப் போக அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மிச்ச நூலைத் திருப்பித் தரும் சாக்கில் செல்லூர் போய் சிவபாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், உங்கம்மா என்னைப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான்: மாப்ள, நீ மாட்டிக்கிட்டியா, இல்ல ஒளிஞ்சுக்கிட்டியான்னு மொதல்ல ஒரு முடிவுக்கு வா. தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கலசம் பூஜை அறைக்குப் போயிருந்தது. கடற்கரையின் நடுப்பகுதியைக் கத்தியால் அறுத்து, பீரோ கதவு திறக்கிற அளவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த முட்டியோடு எப்படிக் குனிந்தார்களோ தெரியவில்லை. பக்கத்தில் அவர்கள் துணிமணியோடு பச்சை ஜிப் பை, கட்டித் தயாராக. சாவியை என் பக்கம் தள்ளிவிட்டு, வழி விட்டாச்சு மாப்பிள்ளை, பாஸ்போர்ட்டை எடுத்துக்கங்க, எம் மகளும் அங்க தனியாத்தான் கிடக்கா என்றார்கள். பிறகு மாத்திரை அட்டை லாரி ஒன்றை முந்தானையில் துடைத்துக்கொண்டே, இது ஒண்ணை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன், அங்க கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கிறதுக்குப் பலகை கிலகை இருக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றார்கள்.

எழவு வீட்டில்கூட எனக்கு ஒரு நக்கல் தோன்றும், உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை மாதங்கி.

அந்த லாரியை அவர்கள் கையிலிருந்து வாங்கி மறுபடி சேற்றில் வைத்தேன். அறுத்த கடற்கரையைத் தள்ளிக்கொண்டு வந்து ஒட்டவைத்தேன். நான் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது இடது பக்கம் இருந்த லாரி, எதுவும் உருப்படியா வைக்கத் தெரியாதா என்று வைதார்கள். பையை நான்தான் அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டேன்.

நீயும் அங்கே இஷ்டப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வீடியோவில் வாய் சிரிக்கிறபோது கண் ஜன்னல் பக்கம் போகிறது. குழந்தை ஒரு கையில், மகள் வேலைக்குப் போகிறாள் என்பது இன்னொரு கையில். நீ யாரிடம் போய்ச் சொல்வாய்? ஸ்ரீஜாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் கேட்டாள், நாம்தான் சரி என்றோம். குழந்தையைப் பார்க்க அங்கேயே ஒரு நல்ல ஆளாகப் பிடிக்கலாம், அந்தச் செலவில் என் ஓய்வுப் பணமும் கொஞ்சம் கலக்கட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

பொடி டப்பாவின் அடியில் கைவிட்டுப் பார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பீரோ சாவி இருக்கும். இருப்பது அது ஒன்றுதான். மாற்றுச் சாவி எங்கே என்று கேட்காதே, பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் பீரோவுக்குள் வைத்தேன். உன் பட்டுப்புடவைகள், நகை, என் பாஸ்போர்ட் எல்லாம் உள்ளே. பூட்டை உடைக்க அத்தை விடமாட்டார்கள், உனக்குச் சீதனமாகக் கொடுத்த பீரோவாம்.

செட்டியார் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். அவரை யார் படுக்க வைப்பது என்று கேட்டதற்கு, அவ வந்து வைப்பா என்றார்கள் உங்கம்மா. பேத்திக்கு என் ஆசிகள். நீ வரும்போது கடற்கரையைப் பார்த்து மிதி, டீத்தூள் இன்னும் காயவில்லை.

இப்படிக்கு, பாதிச் சேற்றில் நிற்கும்,
பசுபதி