துணைக்குப் போனவன்

பிப்ரவரி 8, ஞாயிறு இரவு

அக்கா மே மாதம் பிரான்ஸுக்குப் போகிறாள். ஒயின் தோட்டங்களுக்கு நடுவே ஆற அமர சைக்கிள் மிதித்து, கோட்டை கோட்டையாகப் பார்க்கிற பயணம். கூட வருவது ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர். ராத்திரி சாப்பிடும்போது இதை, சாம்பார் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்போ நான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தாலே இந்த வீட்டில் ஜோக்குதான்.

"டேய், நிஜமாவே நம்பிட்டியா?" என்றாள் அக்கா.

நம்பினேன். குளிர் தொடங்கியபோது, பயிற்சிக்காக விடியற்காலையில் அவள் தனியாக சைக்கிள் ஓட்டப் போக அம்மா விடவில்லை. தம்பியைத் துணைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அப்போதுதான் அக்கா என்னிடம், "நல்லா பழகிக்கோடா, பிரான்ஸுக்கு நீயும்தான் வர்றே" என்றாள். அதற்காக டெல்லிக் குளிர்காலம் முழுக்க, என் மூக்கே எனக்குத் தெரியாத பனிமூட்டத்தில், கிட்வாய் நகரிலிருந்து இந்தியா கேட் வரை அவள் பின்னாலேயே மிதித்தேன். கோட்டையைப் பார்க்கப்போவது அவள். கோட்டை விட்டது நான்.

நானும் எல்லோரையும் ஏமாற்றுகிறவன்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் நானே சொல்லிவிடுவேன், சேர்ந்து சிரிப்போம். இவள் சொல்லவே இல்லை.

இப்போது கதவைத் தட்டி, "காலையில ஜல்தி எழுந்திருடா, அம்மா தனியா விட மாட்டா" என்றாள். "அச்சா" என்றேன்.

அவள் சைக்கிள் பால்கனியில்தான் நிற்கிறது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் காற்றைப் பிடுங்கியிருப்பேன். இன்றைக்குப் பிடுங்கினால் அது விளையாட்டாக இருக்காது.